உப்பில்லாத் தண்ணீரும் உப்பிய செல்லும்

கேள்வி: வெயிலில் வேலை முடித்து வெறும் தண்ணீராகவே குடம் குடமாகக் குடித்தால் மூளை வீங்கும் என்கிறார்களே, நிஜமா?
– ஒரு வாசகர், ஆயர் தாவார்

பதில்: சரியான ஊரிலிருந்துதான் கேள்வி வந்திருக்கிறது. மலாயில் ஆயர் தாவார் என்றாலே உப்பில்லாத நல்ல தண்ணீர்!

நிஜம்தான். தண்ணீரில் ஊறப்போட்ட உலர்ந்த திராட்சை, சுருக்கமெல்லாம் போய்க் கன்னம் உப்பி நிற்கும். இரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய சோடியம், குடித்த வெறும் தண்ணீரால் நீர்த்துப்போய் மளமளவென்று இறங்கினால் மூளைச் செல்லுக்கும் அதே கதி. திராட்சைக்குக் கிண்ணத்தில் இடமுண்டு. மூளையைச் சுற்றிலும் மண்டையோடு. தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகும்.

செல் சும்மா இருப்பதில்லை. அதன் சவ்விலுள்ள பம்ப், சுற்றுக்கு 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது, ஓய்வே இல்லாமல். செல் உப்பும்போது தனி வாய்க்கால்கள் திறக்கும். குளோரைடும் டாரின் என்னும் சிறு மூலக்கூறும் வெளியேற, பின்னாலேயே தண்ணீரும் வடியும். என்ன அழகான ஏற்பாடு! அந்த வாய்க்காலின் முக்கியப் புரதத்தை 2014இல் அமெரிக்காவில் ஆர்டெம் படபூட்டியன் குழுவும், பெர்லினில் தாமஸ் யென்ச் குழுவும் தனித்தனியே கண்டுபிடித்தன.

தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் பயம் வேண்டாம். மணிக்கணக்கில் வியர்த்தவருக்கு உப்புப் போட்ட கஞ்சி இன்னும் நல்லது.