ஒரு ஷேடு தூக்கல்

அடுக்ககத்துக்கு ஒருவர் இருக்கிறார். வங்கியிலோ மின்வாரியத்திலோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சில்வர் கலர் வேகன் ஆர் வைத்திருப்பார். வண்டிக்கு வயதாகியிருக்கும், ஆனால் கோயிலையும் டாக்டரையும் தாண்டி எங்கும் போயிருக்காது. ஒருநாள் தண்ணீர் லாரிக்கு வழிவிடப் பின்னால் எடுக்கும்போது பம்பர் தூணில் உரசிவிடும். நாமாக இருந்தால் "சென்னையில ஓடுற வண்டி, கீறல் இல்லாம இருக்குமா" என்று விட்டுவிடுவோம். அவருக்கு அன்றிரவு தூக்கம் போய்விடும்.

எங்கள் பிளாக்கில் இருப்பவர் வங்கிக்காரர். முதலில் டிங்கரிங் கடையில் விலை கேட்டார். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, கலர் அடித்து, மேலே கிளியர் கோட் என்று கடைக்காரர் ஒரு தொகை சொன்னார். "இதுக்கா!" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். அந்தச் சிரிப்புதான் ஆபத்தானது. அதற்குப்பின் 400, 800, 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பர், மாஸ்கிங் டேப், ரப்பிங் காம்பவுண்ட், ஸ்பிரே கேன்கள் என்று வீட்டுக்குள் வந்து இறங்கியவற்றின் பில்லை மட்டும் அவர் கூட்டிப் பார்க்கவில்லை. முப்பது வருஷம் ஊரார் கணக்கைக் கூட்டியவர்.

அவருக்கு வேதம், கலர் கோடு. கோத்திரம் கேட்டால்கூட ஒரு நொடி யோசிப்பார். இதைக் கேட்டால் யோசிக்கவே மாட்டார். "இஸட் டூ எஸ், சில்க்கி சில்வர். கம்பெனித் தகட்டுலயே இருக்கு. கோடு இருக்கும்போது மேட்ச் ஆகாம எங்க போகும்?"

போகும். ஒரே கோடுக்குப் பெயின்ட் கம்பெனிகளிடம் பல சேர்மானங்கள் இருக்கும். வண்டி எந்தத் தொழிற்சாலையில், எந்த வருஷம் அடிக்கப்பட்டதோ அதற்கேற்ப ஒன்று கொஞ்சம் நீலம் தட்டும், ஒன்று மஞ்சள் தட்டும். போதாக்குறைக்கு வெயில். வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் பானெட் ஒரு மாதிரி வெளுக்கும். நின்றுகொண்டிருக்கும் கதவு வேறு மாதிரி. ஜி.பி. ரோட்டுக் கடைக்காரர் இதெல்லாம் தெரிந்தவர். "பெட்ரோல் மூடியக் கழட்டிட்டு வாங்க சார், மிஷின்ல வெச்சுப் பாத்துடலாம்" என்றார். மூடி மஞ்சப்பையில் ஏறியது. அந்த வாரம் முழுவதும் வண்டி பக்கவாட்டில் ஓட்டையோடு நின்றது. மிஷின் பல கோணங்களில் வெளிச்சம் பாய்ச்சி அளந்து, எந்த நிறம் எத்தனை கிராம் என்று கணக்குச் சொன்னது. வந்து அடித்தால் கலர் மூடிக்கு அச்சாகப் பொருந்தியது. பம்பருக்குத்தான் பொருந்தவில்லை.

பம்பர் எப்போதுமே வேறு சாதி. காரின் இரும்பு உடம்புக்குப் பெயின்ட் அடித்து 140 டிகிரி வாக்கில் அடுப்பில் சுடுகிறார்கள். பிளாஸ்டிக் பம்பர் அந்தச் சூட்டில் நெளிந்துபோகும். அதனால் அதைத் தனியாக, குறைந்த சூட்டில் முடிக்கிறார்கள். ஷோரூமில் மாலை போட்டு நிற்கிற புது வண்டியிலேயே உற்றுப் பார்த்தால் இரண்டும் லேசாக மாறியிருக்கும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஷோரூமுக்கே போய்ச் சண்டை பிடிப்பார்.

மொட்டை மாடியில் நடக்கும் வைபவத்தை அவசியம் பார்க்க வேண்டும். கேனை ஆட்டினால் உள்ளே இருக்கும் குண்டு கடகடவென்று சத்தம் போடும். மாடியில் துணி காயப்போட்டவர்கள் அதைக் கேட்டதும் ஓடிவந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம்தான் சோதனை அட்டை. ஒரு சாண் தள்ளி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு. சில்வரில் இருப்பவை அலுமினியத் துகள்கள். கை நெருங்கி ஈரமாக அடித்தால் அவை உள்ளே அமிழ்ந்து நிறம் இருட்டும். தள்ளி நின்று உலர்வாக அடித்தால் வெளுக்கும். ஒரே டப்பாவிலிருந்து காலையில் ஒரு சில்வர், டிபனுக்குப் பிறகு இன்னொரு சில்வர். ஐப்பசி ஈரத்தில் அடித்தால் மேலே வெள்ளையாகப் பூத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் அடித்தால் பெயின்ட் போய்ச் சேர்வதற்குள் காற்றிலேயே காய்ந்து சொரசொரக்கும். அட்டைகள் எல்லாம் தேதி, நேரம், கேன் நம்பர் எழுதி, ரப்பர் பேண்டு போட்டு வைக்கப்பட்டிருக்கின்றன.

ஒருநாள் ஹாலில் டியூப்லைட்டுக்கு அடியில் ஒரு அட்டையை மூடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ஆயிடுச்சு! மேட்ச் ஆயிடுச்சு!" என்று கத்தினார். மாமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இரண்டையும் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். "ஏங்க, கடைக்குள்ள லைட்டுல பாத்தா எந்த பிளவுசும்தான் மேட்ச் ஆகும். வெயில்ல பாருங்க. ஒரு ஷேடு தூக்கல்." அவர் வெளிச்சத்துக்கு வெளிச்சம் நிறம் ஏன் மாறுகிறது என்று விஞ்ஞான விளக்கம் ஆரம்பித்தார். மாமி அதற்குள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்.

கடைசியில் புதுப்பேட்டையிலிருந்து ஒரு பெயின்டரை நானே கூட்டிவந்து காட்டினேன். அவர் பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, "மேட்சிங்கெல்லாம் யாராலயும் முடியாது சார். பக்கத்து ஃபெண்டர் மேலயும் கொஞ்சம் அடிச்சு, அப்படியே கரைச்சு விட்டுடுவோம். எங்க ஆரம்பிச்சது, எங்க முடிஞ்சதுன்னு கண்ணுக்குத் தெரியாது" என்றார். தொழில் ரகசியம் முழுவதும் அவ்வளவுதான். வேறு யாராவது இருந்தால் சாவியைக் கொடுத்திருப்பார்கள். இவர் முகம் சிவந்துவிட்டது. "அதாவது, டேலி ஆகலேன்னு பக்கத்துக் கணக்குல கொஞ்சம் தள்ளிவிடச் சொல்றீங்க?" பெயின்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

பெயின்டர் போனதும் அவரே ஒரு முடிவுக்கு வந்தார்: பம்பர் சரியாகத்தான் இருக்கிறது, வண்டிதான் வெளுத்துப்போயிருக்கிறது. இப்போது ஃபெண்டருக்கு வாட்டர் பேப்பர் போட்டுக்கொண்டிருக்கிறார்.

மிஞ்சியதை வீணாக்குகிற தலைமுறை இல்லை அது. லெட்டர் பாக்ஸ், மீட்டர் பெட்டி மூடி, மோட்டார் ரூம் தாழ்ப்பாள், வாட்ச்மேன் சைக்கிளின் மட்கார்டு எல்லாம் இப்போது சில்க்கி சில்வர். ஒன்றுக்கொன்று அப்படிப் பொருந்துகின்றன! நேற்று என் வண்டிக்குப் பின்னால் குனிந்து, எவனோ பைக்கில் வந்து போட்ட கீறலைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வண்டிக்கு என்ன கோடு?"

"வெறும் ஒயிட்தான் சார்."

"ஒயிட்னா எந்த ஒயிட்டு?" என்று கேட்டபடியே சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, என் பெட்ரோல் மூடியைக் கழற்ற ஆரம்பித்தார்.