திருட்டுப் பட்டு

1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் ஆரணிக்கு வந்தார். கல்யாணப் புடவை எடுக்க அல்ல. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு மோதிய சந்தா சாகிபின் பிள்ளை ராசா சாகிபையும் கூட வந்த பிரெஞ்சுக்காரர்களையும் உதைக்க. உதைத்த பெயர் கிளைவுக்கு, லாபம் மராத்தியருக்கு. கிளைவுக்குத் துணையாக வந்த அவர்களுடைய குதிரைப்படை, ராசா சாகிபின் 1 லட்ச ரூபாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டது. சரித்திரப் புத்தகத்தில் ஆரணிக்கு இந்த ஒரு பாராதான். எனக்கு இதெல்லாம் சில்லறைத் திருட்டு. பெரிய திருட்டுகள் அந்த ஊர்த் தறியில் ஓடும் நூலில் இருக்கின்றன.

பட்டுப்புழுவை எல்லை தாண்டவிடாமல் சீனர்கள் பல நூறு ஆண்டு கட்டிக் காத்தார்கள். கி.பி. 552 வாக்கில் இரண்டு துறவிகள் அதன் முட்டைகளைத் தடிக்குள் ஒளித்து, கான்ஸ்டான்டிநோபிளில் ஜஸ்டினியன் சக்கரவர்த்தியிடம் சேர்த்தார்களாம். துறவியை யார் சோதனை போடுவார்கள்? (இன்றும் போடுவதில்லை.) பிறகு இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸுக்கு ஆசை வந்தது, 1609இல் ஆயிரக்கணக்கில் மல்பெரி நடச் சொன்னார். நட்டது கறுப்பு மல்பெரி. புழு கேட்பதோ வெள்ளை. பட்டு வரவில்லை, ராஜாவுக்குப் பழம் மிச்சம். திப்பு சுல்தான் 1780களில் வங்காளத்திலிருந்து புழுவை வரவழைத்தார்; மைசூரில் பிடித்துக்கொண்டது. ஆரணித் தறிக்கு இன்றும் கர்நாடகத்துப் பட்டுநூல் வருகிறது.

புழுவுக்குப் பின்னால் ஓடிய இவர்களில் ஒருவரும் மல்பெரி இலையைக் கிள்ளிப் பார்க்கவில்லை. கிள்ளினால் பால் வடியும். அந்தப் பாலில் டிஆக்ஸிநோஜிரிமைசின் என்று ஒரு சரக்கு. பெயர்தான் வாயில் நுழையாது, ஆள் சர்க்கரை வேஷத்தில் எங்கும் நுழைவார். குடலில் சர்க்கரையை உடைக்கும் நொதி, இவரைச் சர்க்கரை என்று நம்பிப் பிடித்துக்கொள்ளும். நிஜச் சர்க்கரை உடையாமல் கிடக்கும். தின்ற வேறு புழு வயிறு நிறைந்தும் பட்டினி. ஆமணக்கு இலை தின்னும் எரிப்புழுவுக்கு ஜப்பானியர் மல்பெரி இலையைப் போட்டுப் பார்த்தார்கள்; செத்தது. பாலைக் கழுவிப் போட்டார்கள், வளர்ந்தது. 2006இல் வெளியான ஆய்வு இது.

நம் பட்டுப்புழு மட்டும் அதே விஷத்தை ராத்திரி பகலாக மென்று கொழுக்கிறது. வேஷத்துக்கு ஏமாறாத வேறொரு நொதி அதனிடம் இருக்கிறது. அதற்கான மரபணு சொந்தச் சொத்து அல்ல. என்றோ ஒரு பாக்டீரியாவிடமிருந்து வந்தது. ரசீது கிடையாது. துறவிகள் திருடியது ஒரு திருடனைத்தான்.

மனிதன் சும்மா இருப்பானா? 1976இல் மல்பெரி வேர்ப்பட்டையிலிருந்து அந்தச் சரக்கைப் பிரித்தார்கள். அதன் உருவத்தைக் கொஞ்சம் மாற்றினால் மிக்லிட்டால், சர்க்கரை நோய்க்கு மாத்திரை. சாப்பாட்டின் முதல் கவளத்தோடு போட்டால் ரத்தத்தில் சர்க்கரை எகிறாது. ஆனால் உடையாத மாவும் சர்க்கரையும் பெருங்குடலுக்கு இறங்கி, அங்குள்ள பாக்டீரியாவிடம் புளித்து வாயுவாகும். பழைய பாக்கி வசூல்!

முகூர்த்த நாள். பெண் ஆரணிப் பட்டில் மணவறைக்கு வருகிறாள். மாத்திரை போட்டுக் காலைப் பந்தியில் கேசரியை ஒரு கை பார்த்த பெரியப்பா, தவில்காரர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். “தம்பி, கெட்டிமேளத்த நல்லா சத்தமா, கொஞ்ச நேரம் நிறுத்தாம அடிப்பா.”