லயத்திலேயே இருக்கிறார் வாத்தியார்

கேள்வி: பட்டிப்பொலவில் ரயில் நிற்கிறது, சங்கீத வாத்தியார் மட்டும் வந்து இறங்குவதில்லையே? தோட்டத்துப் பிள்ளை ஒரு வாத்தியம் பழக என்ன வழி?

பதில்: சுமார் 1,890 மீற்றர் உயரம், இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம். அங்கே ஏறி வர வயலின் வாத்தியாருக்கு மூச்சு வாங்கலாம். தப்பு என்னும் பறையின் வாத்தியாரோ, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலேயே இருக்கிறார்.

விடியற்காலைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டும் நேரத்துக்கு, தோட்டத்து ஆட்களை எழுப்பியது தப்பு. மாசியில் காமன் கூத்தை நடத்துவதும், திருவிழாவிலும் இறுதி ஊர்வலத்திலும் முன்னால் போவதும் அதுதான். ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சி, மறு கையில் மெல்லிய நீளக் குச்சி. குளிர்ப் பனியில் தோல் தொய்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சினால்தான் விறைப்பேறி நாதம் எழும். எவ்வளவு காய்ச்சுவது என்பதைப் புத்தகம் சொல்லாது, பக்கத்தில் நிற்கும் ஆசான்தான் சொல்ல வேண்டும். அந்த ஆசானைப் பெரும்பாலும் யாரும் 'சேர்' என்று அழைப்பதில்லை. சாதியைச் சொல்லி ஒதுக்கியதும் உண்டு. கொடுமை!

வயலினும் இப்படி ஓர் ஆசானிடம் நேரே பழகி வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் பழகி, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார்.

வயலின்தான் ஆசை என்றால் பிள்ளை நகரத்து ஆசிரியரிடம் போகட்டும். வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளும் இருக்கின்றன. அதற்கு முன் லயத்துத் தப்புக்காரரிடம் அனுப்புங்கள். டியூஷனுக்குக் கொடுக்கும் அதே கட்டணத்தை அவர் கையிலும் கொடுங்கள்.