மூன்று கிலோமீட்டர் நியாயம்

காட்டுப்பன்றி இனி நில அளவை படித்திருக்க வேண்டும். 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி அறிவித்தபடி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் திரியும் பன்றியைத் தொடக்கூடாது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே வந்தால் பிடித்துக் காட்டில் விடுவார்கள். மூன்றைத் தாண்டினால் வனத்துறையினர் சுடுவார்கள். அதற்கும் முதலில் விவசாயி மனுப் போட வேண்டும், வி.ஏ.ஓ.வும் ஊராட்சித் தலைவரும் வனத்துறைக்காரரும் கூடிப் பேச வேண்டும்.

விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போட்டவரைக் கேட்டால் இதெல்லாம் ரொம்பத் தாமதம் என்பார். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரே ராத்திரியில் பன்றிக் கூட்டம் உழுதுவிட்டுப் போன புஞ்சையில் நிற்கிறவரிடம் ஜீவகாருண்யம் பேச எனக்கு வாய் வராது. விதை, உரம், வட்டி எல்லாம் அவர் தலையில். சுடட்டும். என் வயிற்றெரிச்சல் பன்றிக்காக அல்ல. எங்கள் மாவட்டத்தில் இந்தக் கிலோமீட்டர் கணக்கு ஆளுக்கு ஆள் மாறுகிறதே, அதற்காக.

வல்லநாட்டில் 1987 முதல் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. பதினாறு சதுர கிலோமீட்டர் சொச்சம். மான் வெளியே வந்தாலும் சட்டத்தின் முதல் அட்டவணை அதைக் காக்கும். துப்பாக்கி தூக்கினால் சிறை. ஆனால் பக்கத்திலேயே துறைமுகத்து லாரிகள் பறக்கும் நாற்கரச் சாலை. லாரிக்கு எந்தக் குழுவின் பரிந்துரையும் வேண்டாம்.

சரி, மிருகத்தை விடுங்கள். 1994இல் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்குத் தடையில்லாச் சான்று தந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சூழல் முக்கியத்துவம் உள்ள இடங்களிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. வான், காசுவாரி, காரைச்சல்லி, விலங்குச்சல்லி என்று மன்னார் வளைகுடாத் தீவுகள் நான்கு அந்த 25க்குள்ளேயே கிடந்தன. தீவுகள்தாம் மரியாதையாக நகர்ந்து போயிருக்க வேண்டும், போகவில்லை. எல்லை மீறிய ஆலையைப் பிடித்துக் கொண்டுபோய் எங்காவது விட்டார்களா? இயக்க அனுமதி கொடுத்தார்கள். விரிவாக்கத்துக்கும் கையெழுத்துப் போட்டார்கள். 2010இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 2013இல் உச்ச நீதிமன்றம், 100 கோடி ரூபாய் கட்டிவிட்டு ஓட்டிக்கொள் என்றது.

அப்புறம் 2018 மே 22. பனிமய மாதா கோயில் பக்கமிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் சனம் ஆலையை மூடச் சொல்லி கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தது. போகக்கூடாத எல்லைக்குள் போய்விட்டார்களாம். போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். பன்றிக்கு மனு வேண்டும், குழு வேண்டும், பரிந்துரை வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் துணை வட்டாட்சியர் உத்தரவு என்று ஒரு வரி எழுதியது போதுமாக இருந்தது. ஆலையை நிரந்தரமாக மூடும் ஆணை, பிணங்கள் விழுந்து ஒரு வாரத்துக்குள் வந்தது. முன்னாடியே அந்தப் பேனாவுக்கு மை இல்லாமல் போயிற்று போலும்.

அந்தத் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுடுவதற்கான தூண்டுதல் எதுவும் இல்லை, ஓடிக்கொண்டிருந்தவர்களை மறைவிலிருந்து சுட்டார்கள் என்று சொல்லி, 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது அது.

பன்றி சுட வனத்துறையில் பயிற்சி பெற்ற ஆள் போதவில்லை என்றால் அரசு எங்கும் தேடி அலைய வேண்டாம். ஓடுகிற உயிரை மறைவிலிருந்து சுட்ட முன் அனுபவம் உள்ளவர்களின் பட்டியல், பெயர் பதவியோடு, அந்த அறிக்கையிலேயே தூங்குகிறது.