கொம்பனிக் கோட்டையும் காணாமற்போன யானைகளும்

வன்னியின் முதல் வலையமைப்புக் கண்காணிப்பாளர், பூநகரிக் கோட்டையில் ஒல்லாந்தருக்குக் கணக்கெழுதிய பிள்ளைதான். ஆதாரம் கேட்காதீர்கள், இடத்தைப் பாருங்கள். சதுரக் கோட்டை, பக்கத்துக்கு முப்பது மீற்றரளவு, எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளம். போத்துக்கேயர் கட்டியதை 1770இல் ஒல்லாந்தர் பெருப்பித்தார்கள். கன்டெய்னர் ஓட்டும் டொக்கர் 2013இல்தான் வந்தது. அதற்கு எவ்வளவோ முந்தியே நாலு சுவருக்குள் ஒரேயொரு வேலையைப் பூட்டிவைத்து, கன்டெய்னர் என்ற பெயரில்லாமலே ஒன்று இங்கே ஓடியிருக்கிறது.

அந்தக் காலத்து முக்கியமான பாக்கெற் யானை. வன்னித் தலைவர்களான வன்னியர் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனிக்குத் திறையாக யானை கொடுக்கவேண்டும். ஒழுங்காக வருவதில்லை என்று யாழ்ப்பாணக் கொமாண்டர் ஸ்வார்டெக்ரோன் 1697இல் எழுதிவைத்த நினைவுக் குறிப்பில் குறைப்பட்டிருக்கிறார். வன்னியரில் பழிபோட முதல் மனுசன் தன்னுடைய கேர்னலைக் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

நடந்தது இப்படித்தான் இருக்கும். யானைகள் கும்பலாக வந்தன. பந்தியோ சின்னது. பிள்ளை ஒன்றை எழுதி முடிப்பதற்குள் பந்தி நிரம்பி, மிச்சமெல்லாம் காட்டுக்குத் திரும்பிவிட்டன. ரவுட்டர் தன் வழியே போன போக்குவரத்தைப் பற்றி யூடிபியில் அனுப்பும் நெற்ஃப்ளோக் குறிப்புகளும் இந்த ரகம்தான். ரவுட்டர் ஒருதரம் அனுப்பும், போய்ச் சேர்ந்ததா என்று கேட்காது. வன்னியரும் கேட்கவில்லை. லினக்ஸில் இந்தப் பந்திக்கு, அதாவது வந்த பாக்கெற்றுகள் காத்திருக்கும் இடத்துக்கு, ஆர்மெம் மாக்ஸ் என்று ஒரு மேல்வரம்பு உண்டு, வழக்கமாக 212992 பைற்று. பெரிய வலையமைப்பைப் பார்ப்பவர்கள் அதை 33554432க்கு, அதாவது 32 எம்பிக்கு, ஏற்றிவிடுவார்கள்.

ஏற்றுவது யார்? அங்கேதான் வில்லங்கம். கோட்டைக்குள் இருப்பவருக்கு அந்த அதிகாரமில்லை. பிள்ளை யாழ்ப்பாணத்தைக் கேட்க, யாழ்ப்பாணம் கொழும்பைக் கேட்க, கொழும்பு பத்தாவியாத் தலைமையகத்தைக் கேட்க, பத்தாவியா ஒல்லாந்தில் இருக்கும் கொம்பனி இயக்குநர்களான பதினேழு கனவான்களைக் கேட்கவேண்டும். பதில் வருவதற்குள் யானை பேரன் கண்டுவிடும். கன்டெய்னருக்கும் சில அமைப்புகளை உள்ளேயே மாற்ற விடுவார்கள். இந்த வரம்பை மட்டும் வெளியே, சேர்வரில், ரூட் அதிகாரத்தோடுதான் மாற்றலாம். மாற்றிய பிறகும் மென்பொருள் வாய்திறந்து அவ்வளவு இடம் வேண்டுமென்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் பழைய பந்திதான்.

சரி, பந்தியைப் பெருப்பித்தாயிற்று என்று வையுங்கள். ஏடு இன்னும் வெறுமை.

"ஐயா, கொத்தளத்தில நிண்டு கண்ணால கண்டனான். ஏழு யானை!"

"என்ர ஏட்டில ஒண்டும் இல்லையே, தம்பி."

இரண்டுபேரும் பொய் சொல்லவில்லை. கொத்தளத்தில் நிற்பவன் டிசிபிடம்ப் என்ற பாக்கெற் பார்க்கும் கருவி, வாசலுக்கு வெளியே வருவதைக்கூடக் காண்பான். வாசலில் நிற்பவன் ஆர்பி ஃபில்டர் என்ற கேர்னல் காவலாளி. அவனுக்கு ஒரேயொரு சட்டம்: இன்னாருக்குப் பதில் அனுப்புவதென்றால் எந்த வழியால் அனுப்புவோமோ, அந்த வழியால்தான் அவரும் வரவேண்டும். கொம்பனியின் படத்தில் அந்த வன்னியருக்குக் கடிதம் போவது மன்னார்ப் பாதையால். யானையோ பரந்தன் பக்கத்தால் வந்து நிற்கிறது. திருப்பிவிட்டான், சத்தமில்லாமல். விசேடமாகக் கட்டளையிட்டாலொழியக் குறிப்புக்கூட எழுதமாட்டான்.

ஆர்பி ஃபில்டரை 1 என்று வைத்தால் இந்தக் கெடுபிடி. 2 என்று வைத்தால், எந்த வழியாலாவது பதில் அனுப்பக்கூடிய ஆள்தானே, உள்ளே வா என்பான். 0 என்றால் ஆள் நித்திரை. வழிகள் பிரிந்துகிடக்கும் இடத்துக்கு 2 போதும். வாசலில் காவலே வேண்டாமென்று 0 வைப்பவரிடம் நான் யானையை ஒப்படைக்கமாட்டேன்.

கட்டளையை வாயால் மட்டும் சொன்னால் அது நினைவகத்தில்தான் நிற்கும். சேர்வர் மறுபடி தொடங்கும்போதும் நிலைக்கவேண்டுமென்றால் சிஸ்கன்ட்ரோல் கோப்பில் எழுதவேண்டும். ஒல்லாந்தர் எழுதவில்லைபோலும். 1795இல் ஆங்கிலேயன் யாழ்ப்பாணத்தைப் பிடித்து முழு இயந்திரத்தையும் றீபூட் பண்ணினான். 1805இல் பூநகரிக் கோட்டையைத் திருத்தி, கண்காணிப்பையெல்லாம் அழித்துவிட்டு, ஒரு தங்குமடத்தை நிறுவினான். அது ஒரு பிழையும் காட்டாமல் ஓடியிருக்கும். சாப்பாடும் படுக்கையும் கொடுக்க ஆர்மெம் மாக்ஸ் தேவையில்லையே.