கில் மைனஸ் நைன் வீரனுக்கு நாலு வார்த்தை

வாலே பேராண்டி, வா. வெப் சர்வர் அடம்பிடிச்சா 'கில் மைனஸ் நைன்' அடிக்கிற வீரன்லா நீ! அடிக்க அடிக்க அதுவும் செத்துச் செத்துப் பிழைச்சுது. இன்னைக்கு எந்திரிக்க மாட்டேங்குது. 'டிவைஸ்ல இடம் இல்லை'ன்னு லாக்ல ஒப்பாரி. உடனே நீ பழைய பேக்கப்பையெல்லாம் அழிச்சு டிஸ்க்கை வழிச்சுப்போட்டே. பேஷ்! டிஸ்க்ல பாதி ஏற்கெனவே காலிதாம்லே. தீந்துபோனது செமஃபோரு. நீ கொன்னது ஒவ்வொண்ணும் தன் செமஃபோரை விட்டுட்டுச் செத்திருக்கு.

இது 1983 சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் காலத்துச் சமாச்சாரம். ஷேர்டு மெமரி, செமஃபோர், மெசேஜ் கியூ மூணும் கெர்னல் கணக்குல கிடக்கும். பந்தியில இருந்தவன் எந்திரிச்சுப் போயிட்டா எச்சில் இலை தானா போகுமா? நீ எடுக்கணும், இல்லை மெஷின் ரீபூட் ஆகணும். அந்தக் காலத்து லினக்ஸ்ல மொத்தமே 128 செமஃபோர் செட்டுதான், 3.19 கெர்னல்ல 32,000 ஆக்கிட்டாவ, உன்னை மாதிரி வீரனுக்காகத்தான் போல.

மொத்தமாப் பெருக்கணுமா? ரூட்டா நின்னு 'ஐபிசிஆர்எம் மைனஸ் ஏ' போடு. எல்லாம் சுத்தம். பக்கத்துல ஓடுத டேட்டாபேஸும் சுத்தம், உன் வேலையும் சுத்தம்.

வேலை வேணும்னா, ஷேர்டு மெமரிக்கு 'ஐபிசிஎஸ் மைனஸ் எம்' அடிச்சு 'என்அட்ச்' கட்டத்தைப் பாரு. எத்தனை பேரு ஒட்டிக்கிட்டிருக்கான்னு தெரியும். பூஜ்யமா? அப்பவும் பாயாத. 'மைனஸ் பி' சேத்தா உண்டாக்குனவன் பிஐடி வரும். அவன் உசுரோட இருக்கானான்னு 'பிஎஸ்'ல பாரு. இல்லைன்னா அந்தத் துண்டோட ஐடியை மட்டும் எடு. போஸ்ட்கிரஸ் வச்சிருக்கிற துண்டு வெறும் 56 பைட்டு. சுண்டைக்காய்னு நினைக்காத; ஒரே டேட்டா டைரக்டரியில ரெண்டாவது போஸ்ட்கிரஸ் புகுந்துராம காக்கிறது அதுதான்.

ஷேர்டு மெமரியைத் தப்பா எடுத்தாலும் 'டெஸ்ட்'னு குறி விழும். ஒட்டுனவன் எல்லாம் விட்டப்புறம்தான் போகும். செமஃபோருக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. அடிச்ச நிமிஷமே போயிரும். காத்துக்கிட்டு நின்னவனுக்கு எரர்தான் மிச்சம்.

இனிமே சாதாரண 'கில்' போடு. ஒழுங்கா எழுதுன புரோகிராம் தன் குப்பையைத் தானே அள்ளிக்கிட்டுப் போகும். பேக்கப்பை அழிச்சதை மட்டும் மேனேஜர்கிட்ட நீயே சொல்லிரு. அதுக்கு எங்கிட்ட கமாண்டு கிடையாது.