ஓடிபி வந்தால்தான் ஓனர்

டீக்கடை பிரான்சைஸ் எடுத்தவன் நிலைமை வீட்டோட மாப்பிள்ளை நிலைமை. மரியாதை உண்டு, மாலை உண்டு, பீரோ சாவி மட்டும் மாமனார் இடுப்பில். ரிட்டயர்மென்ட் பணத்தைப் போட்டு, ரிப்பன் வெட்டி 'ஓனர் சார்' ஆன எனக்கு ஒரு டீயில் ஒரு ரூபாய் குறைக்க அதிகாரம் கிடையாது. பில் மெஷினில் விலை, அளவு, பேர் எல்லாவற்றையும் தலைமை அலுவலகம் பூட்டி வைத்திருக்கிறது. என் லாகினில் செய்ய முடிந்தவை இரண்டு: ரிப்போர்ட் பார்க்கலாம், வருத்தப்படலாம்.

சமோசா தீர்ந்தது தெரியாமல் பில் போட்டுவிட்டால் போச்சு. அதை ரத்து செய்ய ஏரியா மேனேஜர் போனுக்கு ஓடிபி போகும். என் கடைக்குட்டி வயசுப் பையன் அவர். அந்த நேரம் பார்த்து பைக்கில் போய்க்கொண்டிருப்பார். அவர் வண்டியை ஓரங்கட்டி எண்ணைச் சொல்லும்வரை வாடிக்கையாளர் என்னையே பார்ப்பார். நான் மெஷினைப் பார்ப்பேன். கடைசியில் மாஸ்டர் தன் சட்டைப்பையிலிருந்து இருபது ரூபாயை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார். கடையில் ஓடிபி கேட்காத பை அது ஒன்றுதான்.

இந்த மெஷினை வடிவமைத்தவர் ஆயுளில் ஒருநாளும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததில்லை என்று சத்தியம் செய்வேன். திரையைத் தொட்டால் மசாலா டீ, செம்பருத்தி டீ என்று வரிசையாக வரும். 'ஒன் பை டூ' வராது. 'ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா' வராது. 'நாளைக்குத் தர்றேன், எழுதிக்குங்க' என்பதற்கு பட்டனே இல்லை. எதிர்க்கடை ஜவுளிக்காரர் கூட்டாளியோடு வந்து ஒன் பை டூ கேட்டால், ஒரு டீ என்றுதான் பில் விழும். கப் இரண்டு போகும். ராத்திரி ஸ்டாக் கணக்கில் உதைக்கும். விடிந்ததும் போன்: "சார், பேப்பர் கப்ல வித்தியாசம் வருதே?" அரசாங்க ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்தபோதுகூட என்மேல் ஒரு விசாரணை வந்ததில்லை. இப்போது பேப்பர் கப்புக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நெட் போனால் மெஷின் நிற்கும். நான் ரவுட்டரைப் பிடுங்குவதும் சொருகுவதுமாக இருப்பேன். மாஸ்டர் காதிலிருக்கும் பேனாவை எடுத்து, பன் வந்த அட்டையின் பின்னால் கணக்கு எழுதுவார். நெட் வந்ததும் அதைப் பார்த்து ஒவ்வொன்றாக நான் மெஷினில் ஏற்ற வேண்டும். இந்தச் சேவைக்கு மாதாமாதம் சாஃப்ட்வேர் கட்டணம் நான்தான் கட்டுகிறேன்.

யுபிஐ 2016இல் வந்தபோது சில்லறைத் தொல்லை விட்டது என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். காசு வந்ததும் கத்திச் சொல்லும் பெட்டியைக் கல்லாமேல் வைத்தேன். அது கத்துவது தெருமுனைவரை கேட்கிறது. கைமாற்று கேட்டு வரும் மச்சினனுக்கும் கேட்கிறது. பணம் நேராகத் தலைமை அலுவலகக் கணக்குக்குப் போய், ராயல்டி கழிந்து, மெலிந்து என்னிடம் வருகிறது. அப்போது எந்தப் பெட்டியும் கத்துவதில்லை.

அந்த ராயல்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. நான் டீக்கு வாங்கிக் கட்டுவது 5 சதவீதம். அந்தக் கணக்கில் இந்தப் பதினெட்டைக் கழிக்க வழியில்லை, விதி அப்படி. 2022 ஜனவரி 1 முதல் டெலிவரி ஆப் வழியாகப் போகும் பண்டங்களுக்கு வரியை ஆப்காரர்களே கட்டுகிறார்கள். புண்ணியவான்கள். ஆனால் அந்த விற்பனையை ரிட்டர்னில் தனியாகக் காட்ட வேண்டும். என் மெஷினோ கடை விற்பனையையும் ஆப் விற்பனையையும் ஒன்றாகக் குழைத்துத் தரும். 20ஆம் தேதி நெருங்கினால் ஆடிட்டர் குரல் மாறும். நான் கூடத்தில் பில் சுருள்களை விரித்து உட்காருவேன். தெர்மல் பேப்பர் சூடு பட்டால் கறுக்கும், நாளானால் எழுத்து வெளுக்கும். பாய்லர் பக்கம் வைத்ததெல்லாம் கறுப்பு, அலமாரியில் வைத்ததெல்லாம் வெள்ளை. வருமான வரிக்காரர் வந்தால் இரண்டையும் தைரியமாகக் காட்டலாம். படிக்க முடியாது, அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் இதே கூத்துதான் என்று மகன் ஆறுதல் சொன்னான். மெக்டொனால்ட்ஸ் கடைகளின் டெய்லர் ஐஸ்கிரீம் மெஷின் மக்கர் செய்தால், கம்பெனி அங்கீகரித்த மெக்கானிக்தான் வரவேண்டுமாம். எங்கே ஓடுகிறது, எங்கே படுத்திருக்கிறது என்று காட்ட ஒரு இளைஞர் 2020இல் இணையத்தில் வரைபடமே போட்டுவிட்டார். ரிப்பேருக்காக அப்படிப்பட்ட மெஷின்களின் டிஜிட்டல் பூட்டை உடைக்கலாம் என்று அங்கே அனுமதி வர 2024 அக்டோபர் ஆனது. அதைக் கேட்டதும் எனக்கும் வீரம் வந்து, ஸ்குரூ டிரைவரோடு பில் மெஷினை நெருங்கினேன். "வாரண்டி போயிடும் சார்," என்றார் மாஸ்டர். வீரமும் போயிற்று.

கேமராவுக்கு வருகிறேன். கல்லாவுக்கு நேர்மேலே கட்டாயமாக ஒன்று. தொப்பி போடாவிட்டால் தலைமை அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதன் ஆப்பை மகன் தன் அம்மா போனிலும் போட்டுக் கொடுத்துவிட்டான். அந்தக் கேமராவுக்குப் பேசும் வசதியும் உண்டு என்று சொல்லியும் கொடுத்துவிட்டான். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. போன வாரம் கடை நிறையக் கூட்டம். மாஸ்டர் திரும்பிய நேரம் பார்த்துக் குலாப் ஜாமூனை எடுத்தேன். உச்சியிலிருந்து குரல்: "என்னங்க, அதைக் கீழ வைங்க."

கடையே நிமிர்ந்து பார்த்தது. டீ ஆறும்வரை காத்திருந்த பெரியவர் ஒருவர் மாஸ்டரிடம் மெதுவாகக் கேட்டார்: "யாருப்பா பேசுறது?"

"ஓனருங்க," என்றார் மாஸ்டர்.